ஸ்டெம் செல் மாற்றுக்குப் பிறகு விற்றமின்: மலையக வீடுகளுக்கு ஒரு கைவழிகாட்டி

மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலோ வேலூர், சென்னைப் பக்கமோ எலும்பு மஜ்ஜை (ஸ்டெம் செல்) மாற்று முடிந்து ஒருவர் ஹற்றனுக்கோ பண்டாரவளைக்கோ திரும்பும்போது, அவரோடு ஒரு பை நிறைய மாத்திரைகளும் வரும். நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின், பிரெட்னிசொலோன் என்றால் வீட்டார் பயந்து, மணி பார்த்துக் கொடுப்பார்கள். விற்றமின் மாத்திரை மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கும். ஒரு வீட்டில் அதை மறந்துவிடுவார்கள். இன்னொரு வீட்டில் "சத்துதானே, கூடினால் என்ன" என்று இரண்டாகக் கொடுப்பார்கள். இந்த நோயாளிக்கு இரண்டுமே கெடுதல். அவருடைய உடம்பில் விற்றமினும் மருந்துதான். இரத்தத்தில் அளந்து, எழுதி வைத்து, சொன்ன அளவில் கொடுக்க வேண்டிய மருந்து.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஏற்றியது நோயாளியின் சொந்த செல்லா, இன்னொருவர் தானம் கொடுத்த செல்லா? சொந்த செல் என்றால் கிருமித் தொற்றும் சத்துக் குறைவுமே பெரிய கவலை. இன்னொருவருடைய செல் என்றால் அதோடு ஜி.வி.எச்.டி.யும் சேரும். தானம் கொடுத்தவரின் வெள்ளணுக்கள், தாம் குடியேறிய உடம்பையே அந்நியமாகக் கண்டு தாக்குவதுதான் அது. பழைய கணக்குப்படி 100 நாளுக்குள் வருவதைக் கடுமையானது என்றும், அதற்குப் பிறகு வருவதை நாட்பட்டது என்றும் பிரிப்பார்கள். இப்போது நாளைவிட அறிகுறிகளை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஆகவே 100 நாள் தாண்டிவிட்டது என்று கவனத்தைத் தளர்த்த வேண்டாம்.

விற்றமினுக்கும் இதற்கும் என்ன தொடர்பு

விற்றமின் டீ எலும்புக்கு மட்டும் உரியதல்ல. தாக்கும் வெள்ளணுக்களிலும், அவற்றைத் தூண்டிவிடும் செல்களிலும் அதை ஏற்கும் வாங்கிகள் உள்ளன. போதிய அளவு இருக்கும்போது, தாக்குதலை அடக்கும் வகை வெள்ளணுக்களின் கை ஓங்குகிறது. ஸ்பெயினில் 150 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில் (2016) மாற்றுக்குச் சில நாள் முன்பிருந்து 100ஆவது நாள் வரை தினமும் 1,000 அல்லது 5,000 அலகு (பெட்டியில் IU என்று இருக்கும்) விற்றமின் டீ கொடுத்துப் பார்த்தார்கள். நாட்பட்ட ஜி.வி.எச்.டி. குறைந்தது. கடுமையான வகையிலோ, உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கையிலோ வித்தியாசம் தெரியவில்லை. நம்பிக்கை தரும் சேதிதான். ஆனால் விற்றமின் டீ குடித்தால் ஜி.வி.எச்.டி. வராது என்று இதற்குப் பொருள் இல்லை.

விற்றமின் ஏ இன்னும் சிக்கலானது. குடலின் உட்சுவர் உறுதியாக இருக்க அது வேண்டும். அதே விற்றமினிலிருந்து உண்டாகும் பொருள்தான் வெள்ளணுக்களைக் குடலுக்குப் போகும்படி வழிகாட்டுவதும். குறைந்தாலும் கூடினாலும் குடல்தான் பாடுபடும். 2022இல் வெளியான, சிறுவர்களும் இளையோருமாக 80 பேர் பங்கேற்ற ஆய்வில், மாற்றுக்கு முன் ஒரே ஒரு தடவை, உடல் எடையில் கிலோவுக்கு 4,000 அலகு வீதம், 250,000ஐத் தாண்டாமல் கொடுத்தார்கள். நாட்பட்ட ஜி.வி.எச்.டி. குறைவாக இருந்தது, குடலைத் தாக்கும் வகையும் குறைவதுபோல் தெரிந்தது. அது வைத்தியசாலைக்குள், கண்காணிப்போடு, ஒரு தடவை கொடுத்தது. வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது. ஈரலில் தேங்கும் இந்த விற்றமின் கூடினால் கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், ஈரல் பாதிப்பு எல்லாம் வரும்.

அளப்பது

விற்றமின் டீக்கு எடுக்க வேண்டிய பரிசோதனை 25-ஹைட்ரொக்சி விற்றமின் டீ. 1,25 என்று இன்னொன்று இருக்கிறது. கையிருப்பு எவ்வளவு என்று அது காட்டாது. பரிசோதனைக் கூடத்தில் சீட்டைக் காட்டி இலக்கத்தைச் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள். வெறும் வயிறு தேவையில்லை.

ரிப்போர்ட் வந்ததும் எண்ணுக்கு முன் அலகைப் பாருங்கள். சில கூடங்கள் நனோகிராம் என்று எழுதும், சில நனோமோல் என்று எழுதும். மில்லிலீற்றருக்கு 1 நனோகிராம் என்பது லீற்றருக்கு 2.5 நனோமோலுக்குச் சமம். 20 நனோகிராமும் 50 நனோமோலும் ஒரே அளவு. "போன மாதம் 22, இந்த மாதம் 55, நன்றாக ஏறிவிட்டது" என்று மகிழ்கிற வீட்டில், உண்மையில் அளவு அங்கேயே நின்றிருக்கலாம். நனோகிராம் கணக்கில் 20க்குக் கீழே குறைபாடு, 20 முதல் 30 வரை போதாமை. 30க்கு மேல் வைத்திருக்கவே பெரும்பாலான மாற்றுச் சிகிச்சைப் பிரிவுகள் விரும்புகின்றன. 100ஐத் தாண்டினால் நிறுத்தி யோசிக்க வேண்டும். 150க்கு மேல் நஞ்சு.

எண் பொய் சொல்லும் சந்தர்ப்பங்கள் சில உண்டு. காய்ச்சலோ தொற்றோ இருந்து சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) ஏறியிருக்கும் நாளில் எடுத்தால் விற்றமின் ஏ, டீ, துத்தநாகம் மூன்றுமே உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதம் குறைந்திருந்தாலும் அப்படித்தான். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் நிறையப் பேர். கீமோவுக்குப் பிறகு ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அதிக அளவு பயோட்டின், விற்றமின் டீ, தைரொயிட் போன்ற பரிசோதனைகளைக் குழப்பிவிடும். குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்துங்கள், எடுத்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

விற்றமின் டீயோடு கல்சியம், மக்னீசியம், பொசுபரசு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின், அல்புமின் ஆகியவற்றையும் அதே நாளில் பாருங்கள். அல்புமின் குறைந்தவருக்குக் கல்சியம் குறைவாகத் தெரியும். 4இலிருந்து அல்புமினைக் கழித்து, 0.8ஆல் பெருக்கி, ரிப்போர்ட்டில் உள்ள கல்சியத்தோடு கூட்டினால் திருத்திய அளவு கிடைக்கும். கல்சியம் 7.8, அல்புமின் 2.5 என்றால் 1.5 × 0.8 = 1.2; திருத்திய கல்சியம் 9.0, பயப்பட ஒன்றுமில்லை. இந்தக் கணக்கு அல்புமின் டெசிலீற்றருக்குக் கிராமிலும் கல்சியம் மில்லிகிராமிலும் இருந்தால் மட்டுமே பொருந்தும்.

மருந்தளவை மாற்றிய பிறகு அடுத்த பரிசோதனைக்கு 8 முதல் 12 வாரம் வேண்டும். 25-ஹைட்ரொக்சி இரத்தத்தில் பாதியாகக் குறையவே 2, 3 வாரம் ஆகும் என்பதால் அதற்கு முன் எடுப்பது வீண் செலவு.

கிளினிக்குக்கு விடியற்காலை 3 மணி பஸ்ஸில் கிளம்புகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சைக்ளோஸ்போரின் அல்லது அதே வகை மருந்தான டக்ரோலிமஸ் இரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கும் நாளில் காலை மாத்திரையை விழுங்காமல் கையில் எடுத்துப் போங்கள். முதல்நாள் இரவு மாத்திரைக்கு ஏறக்குறைய 12 மணித்தியாலம் கழித்து இரத்தம் கொடுத்து, உடனே விழுங்க வேண்டும். வழியில் தேநீரோடு விழுங்கிவிட்டால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் ஜி.வி.எச்.டி. கிளம்பலாம். தவறி விழுங்கியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

"கொஞ்சம் வெயில் காயட்டும்" என்ற யோசனை

மற்றவர்களுக்கு நல்ல யோசனை. இவருக்கு வேண்டாம். வெயிலின் புறஊதாக் கதிர் தோலில் ஜி.வி.எச்.டி.யைத் தூண்டிவிடும். வொரிகோனசோல் என்ற பூஞ்சைத் தடுப்பு மருந்து எடுப்பவருக்குத் தோல் இன்னும் எளிதில் கருகும். நாள்பட எடுத்தால் தோல் புற்றுநோய் ஆபத்தும் கூடும்.

நுவரெலியாக் குளிரில் வெயில் உறைக்காது என்பதுதான் இங்கே உள்ள பெரிய ஏமாற்று. 1,000 மீற்றர் உயரத்துக்குப் புறஊதாக் கதிர் 10 சதவீதம் அளவில் கூடும். நுவரெலியா நகரமே 1,868 மீற்றரில் இருக்கிறது. மெல்லிய மேகமும் பனிமூட்டமும் சூட்டைத் தடுக்கும், கதிரின் பெரும்பகுதியைத் தடுக்காது. மூட்டமான நாளிலும் முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத வெயில் தடுப்புக் களிம்பு வேண்டும். கண்ணாடி ஜன்னலோரம் உட்கார வைப்பதிலும் பயன் இல்லை. விற்றமின் டீ உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி நிறுத்திவிடும். தோலைப் புண்படுத்தக்கூடிய இன்னொரு வகைக் கதிரை உள்ளே விடும். ஆகவே இவருக்கு விற்றமின் டீ வாய் வழியாகத்தான் வர வேண்டும்.

கொடுப்பது

குறைபாடு இருக்கும் பெரியவர்களுக்கு வழக்கமாக எழுதித் தருவது வாரத்துக்கு ஒரு முறை 50,000 அலகு, 6 முதல் 8 வாரம். பிறகு தினமும் 1,000 முதல் 2,000 அலகு. குழந்தைகளுக்கு அளவு வேறு, அதை வைத்தியர் சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து வருபவர்கள் 60,000 அலகுப் பொட்டலம் கொண்டுவருவார்கள். வார மருந்தைத் தினமும் கொடுத்துவிடுவதுதான் நடக்கக்கூடிய மிக மோசமான பிழை. அந்தப் பெட்டியைத் தினசரி மாத்திரைகளோடு வைக்காதீர்கள். கிழமையைப் பெட்டி மேலேயே பெரிதாக எழுதி, கொடுத்த திகதியைக் கலண்டரில் வட்டமிடுங்கள்.

பெட்டியில் மைக்ரோகிராம் என்று இருந்தால் 40ஆல் பெருக்குங்கள்: 25 மைக்ரோகிராம் 1,000 அலகு. சொட்டு மருந்தில் ஒரு நிறுவனத்தின் ஒரு சொட்டே 400 அலகாக இருக்கும், இன்னொன்றில் ஒரு மில்லிலீற்றர் 400 அலகு. போத்தலை மாற்றும்போது பழைய அளவைத் தொடரக் கூடாது. அல்பாகல்சிடோல், கல்சிட்ரியோல் என்று பெயர் இருந்தால் அது வேறு பொருள். ஏற்கெனவே செயலூக்கம் பெற்ற வடிவம் என்பதால் அதன் அளவு 0.25 மைக்ரோகிராம் போன்ற சிறு எண்ணாக இருக்கும், கல்சியத்தை வேகமாக ஏற்றும். பாமசியில் "இது இல்லை, அது இருக்கு" என்று மாற்றித் தந்தால் வாங்காதீர்கள்.

விற்றமின் டீ கொழுப்பில் கரைவது. வெறும் வயிற்றில் பிளேன்டீயோடு விழுங்கினால் ஒரு பகுதி வீண். தேங்காய்ப்பால் கறியோ முட்டையோ உள்ள பகல் சாப்பாட்டோடு கொடுங்கள். கல்சியம் கார்பனேற்றும் சாப்பாட்டோடுதான். ஆனால் சிப்ரொஃப்ளொக்சசின், லெவோஃப்ளொக்சசின், தைரொக்சின் ஆகியவற்றோடு கல்சியமோ மக்னீசியமோ சேர்ந்தால் மருந்து குடலிலேயே கட்டுண்டுவிடும். கிருமிக்கொல்லியை 2 மணித்தியாலம் முன்பே கொடுத்துவிடுங்கள். தைரொக்சினுக்கு 4 மணி இடைவெளி வேண்டும்.

மக்னீசியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சைக்ளோஸ்போரினும் டக்ரோலிமஸும் அதைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். கை நடுக்கம், தசை இழுப்பு, வலிப்பு வரை போகலாம். விற்றமின் டீ வேலை செய்யவும் மக்னீசியம் வேண்டும்; டீ ஏறாமல் அடம்பிடித்தால் மக்னீசியத்தைப் பாருங்கள். இந்த மாத்திரை வயிற்றுப்போக்கைத் தரும் என்பதால், எந்த நாளில் தொடங்கினீர்கள் என்று எழுதி வையுங்கள். பிறகு போக்கு வந்தால் மாத்திரையா, குடல் ஜி.வி.எச்.டி.யா என்று பிரித்தறிய வைத்தியருக்கு அந்தத் திகதிதான் உதவும்.

தாமாக வாங்கக் கூடாதவை சில. கொட் மீன் ஈரல் எண்ணெய்க் குளிகையில் டீயோடு ஏயும் இருக்கிறது. இரும்பு கலந்த பல்விற்றமின் மாத்திரை வேண்டவே வேண்டாம். பல போத்தல் இரத்தம் ஏற்றிய உடம்பில், தலசீமியாப் பிள்ளைகளுக்கு முக்கியமாக, இரும்பு ஏற்கெனவே தேங்கியிருக்கும். ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புக் கையிருப்பு) பார்க்காமல் தோட்ட டிஸ்பென்சரியிலும் இரும்பு மாத்திரை வாங்காதீர்கள். திரிபோஷா சத்துமாவிலும் இரும்பு சேர்த்திருக்கிறார்கள், பிள்ளைக்குக் கொடுக்குமுன் கேளுங்கள். விற்றமின் சி இந்த நோயாளிகளுக்குக் குறைவது உண்மை. முரசில் இரத்தம் கசியும், புண் ஆறாது. என்றாலும் தினம் 1,000 மில்லிகிராம் கரையும் மாத்திரை குடிப்பது அதற்கு வழியல்ல. இரும்பு தேங்கியவருக்கு அது இதயத்தைப் பாதிக்கலாம். மிக அதிக அளவில் விரல்நுனிச் சீனிக் கருவியையும் ஏமாற்றும். பிரெட்னிசொலோனால் சீனி ஏறியவருக்கு இது விளையாட்டல்ல. ஃபோலிக் அமிலம், பீ12 இரண்டையும் அளந்த பிறகு கொடுப்பார்கள். கொட்ரைமொக்சசோல் என்ற கிருமிக்கொல்லி எடுப்பவருக்கு ஃபோலேற்றைக் கவனிக்க வேண்டும். நீண்ட நாள் கிருமிக்கொல்லியும் சாப்பாட்டுக் குறைவும் சேர்ந்தால் விற்றமின் கே குறையும். மூக்கில், முரசில் இரத்தம் வந்தால் தட்டணுவோடு, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்.உம் பார்க்கச் சொல்லுங்கள்.

நோயெதிர்ப்பை ஏற்றுகிறோம் என்று அன்போடு கொண்டுவரும் கசாயங்களை மரியாதையாக மறுத்துவிடுங்கள். தானம் பெற்ற செல்லின் எதிர்ப்பைத் தூண்டுவது இவருக்கு நல்லதல்ல. அதை அடக்கத்தான் மருந்தே கொடுக்கிறார்கள். சீந்தில் கொடியால் ஈரல் பாதிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. ஈரல் எண்கள் ஏறினால் காரணம் கசாயமா, ஜி.வி.எச்.டி.யா, பூஞ்சை மருந்தா என்று தேடுவதிலேயே நாட்கள் போய்விடும்.

சாப்பாடு

உணவால் மட்டும் டீ குறைபாட்டை நிரப்ப முடியாது. ஒரு முட்டை மஞ்சளில் சுமார் 40 அலகுதான். டின் மீனில் அதைவிட நல்ல அளவு இருக்கும், முள்ளோடு மசித்தால் கல்சியமும் கிடைக்கும். திறந்த டின்னை அன்றே முடியுங்கள், உப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டையை மஞ்சள் இறுகும்வரை அவியுங்கள். விற்றமின் ஏக்குக் கரட், பூசணி, பொன்னாங்காணியை எண்ணெயோடு சமைத்தாலே போதும். கரட்டிலிருந்து நஞ்சாகும் அளவுக்கு ஏ சேராது.

வல்லாரைச் சம்பல், பச்சை மல்லுங், அரைத்த பச்சிலைக் கஞ்சி ஆகியவை வைத்தியர் சொல்லும்வரை வேண்டாம். கழுவினாலும் இலையிடுக்கில் மண் நிற்கும். கோவா, லீக்ஸை ஒவ்வோர் இலையாகப் பிரித்துக் கழுவி, நன்றாக வேகவையுங்கள். மாட்டுப் பட்டியிலிருந்து வரும் பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள். காய்ச்சாத பாலில் உறைந்த சட்டித் தயிரைத் தவிருங்கள். ஊற்று நீரையும் பீலி நீரையும் கொதிக்க வைத்தே கொடுங்கள். ஜம்போலா, நாரத்தை, கிரேப் புரூட் மூன்றும் சைக்ளோஸ்போரின், டக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். விற்றமின் சி வேண்டுமென்றால் தோல் உரித்த தோடம்பழமும் பப்பாளியும் இருக்கின்றன.

எண்ணெய் மிதக்கும், கழுவினாலும் போகாத, நாற்றமான மலம் போனால் கொழுப்பு உறிஞ்சப்படவில்லை என்று பொருள். அப்போது ஏ, டீ, ஈ, கே நான்கும் மாத்திரை கொடுத்தும் குறையும். அளவைக் கூட்டாதீர்கள், குடலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கவனிப்பது

தோல்: உள்ளங்கை, உள்ளங்கால், காதோரம், கழுத்தில் முதலில் சிவக்கும். நோயாளியின் சொந்த உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடம்பின் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். சிவப்பு எத்தனை உள்ளங்கை அளவு என்று எண்ணி, பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து மாற்றுச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புங்கள். "கொஞ்சம் சொறி" என்று தொலைபேசியில் சொல்வதைவிட இது நூறு மடங்கு பயன்படும்.

குடல்: தண்ணீராகப் போனால் எத்தனை தடவை என்பதோடு எவ்வளவு என்பதும் வேண்டும். பழைய பிளாஸ்டிக் பேசினில் 500 மில்லிலீற்றர் தண்ணீர் ஊற்றி மட்டத்தில் கோடு போட்டு வையுங்கள். பெரியவருக்கு ஒரு நாளில் 500ஐத் தாண்டினால் அன்றே அழையுங்கள். இரத்தமோ கடும் வயிற்றுவலியோ இருந்தால் அளவு பார்க்கவே வேண்டாம், கிளம்புங்கள்.

நுரையீரல்: மலையகத்தில் தவறிப்போகும் அறிகுறி இதுதான். ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும்போது எல்லாருக்கும் மூச்சு வாங்கும், அதனால் யாரும் கணக்கெடுப்பதில்லை. ஒரே படிக்கட்டைத் தெரிந்துகொண்டு, வாரத்துக்கு ஒரு நாள் ஏறச் சொல்லி, எந்தப் படியில் நிற்கிறார் என்று எழுதுங்கள். போன மாதம் நிற்காமல் ஏறியவர் இந்த மாதம் நடுவில் நின்றால், இருமல், காய்ச்சல் இல்லாவிட்டாலும், மூச்சு ஊதும் பரிசோதனை கேளுங்கள். நாட்பட்ட ஜி.வி.எச்.டி. சிறு மூச்சுக்குழாய்களைத் தழும்பாக்கிவிட்டால் திரும்பப் பெற முடியாது. விறகுப் புகை, சுவரின் பூஞ்சணம், சாணக் குழி, கொம்போஸ்ட் கிளறுவது இவற்றிலிருந்து அவரைத் தள்ளி வையுங்கள். வாய் உலர்வு, கண்ணில் மணல் உறுத்துவது போன்ற எரிச்சல், மஞ்சள் கண் ஆகியவையும் எழுத வேண்டியவை.

விற்றமின் டீ கூடியதன் அடையாளம் வேறு: அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, குழப்பமான பேச்சு. உடனே டீயையும் கல்சியத்தையும் நிறுத்திவிட்டு அன்றே கல்சியம் பாருங்கள்.

38 பாகை செல்சியஸ் காய்ச்சல் என்றால் மகரகமவுக்குப் பஸ் தேட வேண்டாம். பிரெட்னிசொலோன் காய்ச்சலை மறைக்கும் என்பதால், காய்ச்சல் இல்லாமல் நடுக்கம் மட்டும் வந்தாலும் அதே அவசரம்தான். வெப்பமானி பார்க்குமுன் பரசிற்றமோல் கொடுக்காதீர்கள். 1990 அம்புலன்ஸுக்கு அழைத்து, டிக்கோயாவோ நுவரெலியாவோ பதுளையோ, பக்கத்தில் உள்ள பெரிய வைத்தியசாலைக்குப் போய், அங்கிருந்து மாற்றுப் பிரிவோடு பேச வையுங்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இவற்றைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பிரிவிலேயே எழுதி வாங்கி ஒட்டியிருக்க வேண்டும்: மாற்று நடந்த திகதி, யாருடைய செல், இப்போதைய மருந்துகளும் அளவும், கடைசி விற்றமின் டீ, கல்சியம், கிரியேற்றினின், பிரிவின் தொலைபேசி எண், "கதிர்வீச்சிட்ட இரத்தம் மட்டுமே ஏற்ற வேண்டும்" என்ற வரி. கதிர்வீச்சிடாத இரத்தத்திலுள்ள வெள்ளணுவே இன்னொரு ஜி.வி.எச்.டி.யை உண்டாக்க முடியும், அது பெரும்பாலும் உயிரைப் பறிக்கும். அவசரத்தில் அந்த வரியை யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள்தான் கொப்பியைத் திறந்து காட்ட வேண்டும்.

நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைக்கத் தொடங்கும் வாரங்களில்தான் ஜி.வி.எச்.டி. தலைதூக்க வாய்ப்பு அதிகம். அந்தக் குறைப்புக்கு முன் விற்றமின் டீயையும் மக்னீசியத்தையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள். குறைக்கும் காலத்தில் தோலையும் மலத்தையும் தினமும் பாருங்கள், படிக்கட்டுக் கணக்கை வாரம் இரண்டாக்குங்கள். ஸ்டீரொயிட் தொடரும்வரை கல்சியமும் டீயும் தொடரும். நிறுத்திய பிறகும் எலும்பு அடர்த்தி ஸ்கான் பார்த்துவிட்டுத்தான் அவற்றை நிறுத்துவார்கள். அதுவரை பாமசிச் சீட்டுத் தீருமுன் புதுச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் மண்சரிந்து ரோடு மூடினால் இரண்டு வாரத்துக்காவது மருந்து கையில் இருக்க வேண்டும்.